பொத்தானை அழுத்துமுன்: இயங்குதள மாற்றமும் மென்பொருள் பொருத்தமும்

பெங்களூருவின் தெற்கே, ஓசூர்ச் சாலையை ஒட்டியுள்ள பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்ட் 11 முதல் மெட்ரோ ரயில் வந்து செல்கிறது. ஆர்.வி. சாலையில் தொடங்கும் மஞ்சள் தடம் 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு ஓடி இங்கே வந்து முடிகிறது. தொடக்க நாளன்று நிலையத்தில் கூடிய கூட்டத்தையும் கைப்பேசியில் எடுத்த படங்களையும் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 14 அன்று, இதே தொழிற்பகுதியின் அலுவலக அறைகளில் வேறொன்றும் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அதன் நிறுவனம் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. அன்று எந்தக் கணினியும் நிற்கவில்லை. மறுநாளும் அவை வழக்கம்போல் இயங்கின. பலர் இதைக் கவனியாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

கவனித்தவர்கள் செய்த தவறு வேறு வகையானது. திரையின் ஓரத்தில் தோன்றிய ‘மேம்படுத்துக’ என்னும் பொத்தானை உடனே அழுத்திவிட்டார்கள்.

பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ பத்துப் பன்னிரண்டு பேர் வேலைசெய்யும் ஒரு கடைசல் பட்டறையை எண்ணிக்கொள்வோம். அங்கே கணினி மூன்று. அலுவலக அறையில் உள்ளது கணக்குக்கும், விலைப்பட்டியலுக்கும், ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும், வங்கிப் பரிமாற்றத்துக்கும் உரியது. இரண்டாவது சி.என்.சி. பொறியின் அருகே, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த மேசைமேல் இருக்கிறது. பொறி எப்படிக் கடைய வேண்டும் என்னும் நிரலை நீண்ட கம்பி வழியே அனுப்புவது அதன் வேலை. மூன்றாவது, வாயிலருகே வருகைப் பதிவுக்கானது. ஐந்தாம் தேதி மாலையில் மூன்றையும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டு உரிமையாளர் நிறைவோடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் கணினிகள் முன்பைவிட விரைவாகவே எழுந்து நிற்கின்றன. ஆனால் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, அச்சிட்ட படிவத்தின் கட்டங்களுக்கு வெளியே புரியாத எழுத்துகளை அடிக்கிறது. மின்னணுக் கையொப்ப டோக்கனைச் செருகினால் கணினி அதை அறிந்ததாகவே காட்டவில்லை. வருகைப் பதிவு மென்பொருள் திறக்க மறுக்கிறது. பொறிக்கு நிரல் போய்ச் சேரவில்லை.

அடுத்த நாள் ஏழாம் தேதி. சம்பளம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. பிடித்தம் செய்த வருமான வரியைச் செலுத்துவதற்கும் அதுவே கடைசி நாள். பதினொன்றாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போகாவிட்டால், நம்மிடம் சரக்கு வாங்கிய நிறுவனத்துக்கு அந்த மாதத்தின் உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது; அந்நிறுவனம் நமக்குத் தரவேண்டிய பணத்தை நிறுத்திவைக்கவும் கூடும். ஒரு மென்பொருள் திறக்கவில்லை என்பது தொழில்நுட்பச் செய்தி. பன்னிரண்டு குடும்பங்களுக்குச் சம்பளம் தாமதமாகிறது என்பதோ வேறு செய்தி. இக்கட்டுரையில் நாம் ஆராயப்போவது இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பைத்தான்.

மாறாமலே இருந்துவிடலாமா?

‘ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்’ என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. 2017 மே 12 அன்று வானாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியாகிவிட்டது. திருத்தத்தை நிறுவாத கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய இயங்குதளத்தில் ஓடிய கணினிகளும் அடிபட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அப்போது விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. ஆதரவற்ற கணினியில் ஒவ்வொரு புதிய ஓட்டையும் திறந்தே கிடக்கும். அதே கணினியில் நம் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்கிறோம் என்பதை எண்ணிப்பார்த்தால் மாறாமலிருப்பதன் விலை விளங்கும்.

ஆகவே மாற வேண்டும். ஆனால் சோதித்து மாற வேண்டும். இதில் வங்கிகள் பெற்ற பட்டறிவு வாசகர்களுக்குப் பயன்படும். நம் நாட்டின் தானியங்கிப் பணப்பொறிகள் பல நெடுங்காலம் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடின. அந்நிலை குறித்து 2017 ஏப்ரலில் கவலை தெரிவித்த இந்திய ரிசர்வ் வங்கி, பணி மெல்ல நடப்பதைக் கண்டு 2018 ஜூன் 21 அன்று காலக்கெடுவோடு கூடிய சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. 2018 செப்டம்பருக்குள் கால் பங்குப் பொறிகள், டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, ஜூனுக்குள் எல்லாப் பொறிகளும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாறியிருக்க வேண்டும் என்பது அந்த ஆணை.

ஒரு பொறியில் இயங்குதளத்தை மாற்ற அரைநாள் போதாதா என்று தோன்றலாம். பணப்பொறியின் உள்ளே இருப்பது சாதாரணக் கணினிதான். ஆனால் அதனோடு அட்டை வாசிப்பான், பணம் எண்ணித் தரும் பகுதி, இரகசிய எண்ணைப் பெறும் விசைப்பலகை, சீட்டு அச்சிடும் கருவி ஆகியவை இணைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கி மென்பொருள் உண்டு. அவற்றையும் வங்கியின் செயலியையும் இணைக்கும் இடைநிலை மென்பொருள் உண்டு. இவை அனைத்தும் புதிய தளத்தில் ஒத்துழைக்கின்றனவா என்று பார்க்காமல் மாற்றினால், கணக்கில் கழிந்த பணம் கைக்கு வராத நிலை ஏற்படும். எனவேதான் அந்த ஆணை கால், அரை, முக்கால் என்று படிப்படியாக அமைந்தது. பட்டறைக்கும் அதே படிமுறைதான் பொருந்தும். அளவு மட்டும் சிறியது.

பொருத்தம் என்பது எங்கே இருக்கிறது?

கடைசல் பொறியின் பல்சக்கரப் பெட்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு சக்கரத்தை மட்டும் புதியதாக மாற்றும்போது, அது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பற்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் அண்டைச் சக்கரங்களோடு பொருந்தவேண்டும். இயங்குதளம் நடுவில் நிற்கும் சக்கரம். அதற்குக் கீழே வன்பொருள். மேலே நாம் பயன்படுத்தும் மென்பொருள். பக்கங்களில் அச்சுப்பொறி, டோக்கன், கம்பி வழித் தொடர்புகள். இவற்றை அதனோடு இணைக்கும் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள்தான் பெரும்பாலும் பல் உடையும் இடம். சாதாரணச் செயலிக்குப் பழைய தளம்போல் நடந்துகாட்டும் வசதி புதிய தளத்தில் உண்டு. செயலியின் பண்புகளில் ‘பொருந்துநிலை’ எனத் தேர்ந்துகொள்ளலாம். இயக்கி மென்பொருளோ தளத்தின் கருவுக்குள் சென்று வேலைசெய்வது. அதற்கு இந்தச் சலுகை பயன்படாது.

முதலில் வன்பொருள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் குறைந்தபட்சத் தேவைகள். நடைமுறையில் 8 ஜிபி இல்லாமல் வேலை ஓடாது என்பது நம் கருத்து. பலரைத் தடுத்து நிறுத்துவது நினைவகம் அன்று, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், மையச் செயலியின் தலைமுறையும்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல் ஏற்கப்படுகிறது. அதாவது ஏறத்தாழ 2018-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் தேறா. மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ என்னும் சிறு செயலி இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் அது வன்பொருளை மட்டுமே பார்க்கிறது. ‘இந்தக் கணினி தகுதியுடையது’ என்று பச்சை நிறத்தில் அது காட்டினால், நம் கணக்கு மென்பொருளும் டோக்கனும் தகுதியுடையவை என்று பொருளாகாது. இந்த ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த தொல்லைகள் மிகப் பல.

டி.பி.எம். இருந்தும் அணைந்து கிடக்கும் கணினிகளும் உண்டு. அதை இயக்கவும், பாதுகாப்பான தொடக்கம் என்னும் அமைப்பை இயக்கவும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் செல்ல வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ சன்னலில் ‘பயாஸ் மோட்’ என்னும் வரியில் ‘லெகசி’ என்று இருந்தால், வட்டின் பகிர்வுமுறையை முதலில் மாற்றாமல் தொடக்கமுறையை மட்டும் மாற்றக்கூடாது. மாற்றினால் கணினி எழாது. வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதாவது பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை முன்னதாகக் காகிதத்தில் எழுதி, கணினியிலிருந்து விலகிய இடத்தில் வைக்க வேண்டும். குறியீட்டைப் பூட்டிய கணினிக்குள்ளேயே சேமித்துவைப்பது பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது 16, 32, 64 என்னும் எண்கள். விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. 64 பிட் தளத்தில் 32 பிட் செயலிகள் பெரும்பாலும் ஓடும். 16 பிட் செயலிகள் ஓடா. ‘அவ்வளவு பழையது யாரிடம் இருக்கும்’ என்று கேட்கத் தோன்றும். தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்புரோவில் உள்ளூர் நிரலர் ஒருவர் எழுதித்தந்த சம்பளப் பட்டியல், 32 பிட் விண்டோஸ் 10-இல் இன்றும் சிணுங்காமல் ஓடும் அலுவலகங்கள் உண்டு. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மூல நிரல் கிடையாது. ஆனால் இருபது ஆண்டுச் சம்பள விவரம் அதில்தான் இருக்கிறது. இத்தகையவர்கள் மாறவேகூடாது என்பதில்லை. டாஸ்பாக்ஸ் போன்ற போலிமையாக்கியிலோ, மெய்நிகர்க் கணினிக்குள் பழைய தளத்தை நிறுவியோ அதை ஓட்டலாம். ஆனால் அதை மாற்றத்துக்கு முந்தைய வாரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், மறுநாள் அன்று. ஆப்பிள் பயனர்களும் இப்பாடத்தை ஒருமுறை படித்தவர்களே. 2019 அக்டோபரில் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா, 32 பிட் செயலிகள் அனைத்தையும் ஒரே நாளில் கைவிட்டது.

எக்செல் ஏடுகளும் இதில் அடங்கும் என்பதைப் பலர் அறியார். 32 பிட் ஆஃபீஸில் எழுதிய மேக்ரோக்களில் சில, 64 பிட் ஆஃபீஸுக்கு வந்ததும் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். இயங்குதளத்தோடு சேர்த்து ஆஃபீஸையும் மாற்ற எண்ணினால், இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டா. எது உடைத்தது என்பதே தெரியாமல் போகும்.

கம்பி, டோக்கன், எழுத்துரு

சி.என்.சி. பொறியின் பக்கம் வருவோம். பழைய பொறிகள் பலவற்றில் நிரல், ஆர்.எஸ்.-232 என்னும் தொடர்த்துறைக் கம்பி வழியே செல்கிறது. புதிய கணினிகளில் அத்துறை இல்லாததால் யு.எஸ்.பி. மாற்றியைப் பயன்படுத்துகிறோம். மாற்றிக்குள் இருக்கும் சில்லு எது என்பதே கேள்வி. பெரிதும் விற்பனையான பி.எல்.-2303 சில்லின் பழைய வகைகள் சிலவற்றுக்கு விண்டோஸ் 8 முதலே இயக்கி ஆதரவு இல்லை. சந்தையில் அவற்றின் போலிகளும் கலந்துள்ளன. மாற்றி வேலைசெய்தாலும் இன்னொரு சிக்கல் எழும். பழைய தளத்தில் ‘காம் 3’ என்றிருந்த துறை, புதிய தளத்தில் ‘காம் 7’ ஆகிவிடும்; நிரல் அனுப்பும் மென்பொருளோ இன்னும் 3-ஐத் தேடிக்கொண்டிருக்கும். எனவே மாற்றுமுன் துறை எண், வேகம், தரவு பிட், சமநிலை, நிறுத்த பிட் ஆகிய ஐந்தையும் பொறியின் அருகிலேயே ஒரு அட்டையில் எழுதி ஒட்டுக. ‘9600, 7, ஈவன், 2’ என்னும் ஒரு வரி, இரண்டு நாள் அலைச்சலை மிச்சமாக்கும். மாற்றத்துக்குப் பின் முதல் நிரலை அனுப்பியதும், பொறியிலிருந்து அதைத் திரும்பப் பெற்று மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பொருள் இல்லாமல் வெற்றோட்டம் விட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எண்ணில் ஒரு புள்ளி விடுபட்டால் வெட்டுக்கருவி எங்கே போய் மோதும் என்பதைப் பட்டறைக்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

சற்றுப் புதிய பொறிகள் வலைப்பின்னல் வழியே கோப்புகளைப் பகிர்கின்றன. அவற்றின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய விண்டோஸாக இருந்தால், எஸ்.எம்.பி.-1 என்னும் பழைய பகிர்வு மொழியையே பேசும். வானாகிரை பரவியது இந்த மொழியின் ஓட்டை வழியாகவே. ஆதலால் 2017-இன் பிற்பகுதி முதல் புதிய நிறுவல்களில் அது இயல்பாக அடைக்கப்பட்டுள்ளது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 வெளியீடு, புரோ பதிப்பில் இன்னும் ஒருபடி மேலே சென்று, பகிர்வுத் தொடர்புகளுக்குக் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் நிறுத்தியது. நேற்றுவரை திறந்த பகிர்வுக் கோப்புறை இன்று ‘அனுமதி இல்லை’ என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. உடனே பாதுகாப்பைத் தளர்த்துவதுதான் பலர் நாடும் வழி. வங்கி வேலை நடக்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது. பகிர்வுக் கருவிக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதும், பழைய பொறியைத் தனி வலைப்பின்னலில் ஒதுக்கிவைப்பதும் நல்ல வழிகள்.

மின்னணுக் கையொப்ப டோக்கன் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். நிறுவனங்கள் ஜி.எஸ்.டி. தாக்கலிலும் கம்பெனி விவகாரத் துறையின் படிவங்களிலும் இதைக்கொண்டே கையெழுத்திடுகின்றன. கையொப்பச் சாவி டோக்கனுக்குள்ளேயே இருப்பது; கணினியில் இருப்பது அதோடு பேசும் இயக்கியும் கையொப்பச் செயலியும் மட்டுமே. ஆகவே இயங்குதளம் மாறுவதால் சாவி அழியாது. அழிப்பது நம் கையே. புதிய இயக்கியை நிறுவியபின், டோக்கன் திறக்கவில்லையே என்ற பதற்றத்தில் ‘இனிஷியலைஸ்’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டால் உள்ளே இருந்த சான்றிதழ் துடைக்கப்பட்டுவிடும். பிறகு விண்ணப்பம், அடையாளச் சான்று, காணொலிச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிப் புதிய சான்றிதழ் வாங்க வேண்டியதுதான். மாற்றத்துக்கு முன்பே டோக்கன் வழங்கியவரின் தளத்திலிருந்து புதிய தளத்துக்குரிய இயக்கியைப் பதிவிறக்கி, தனி யு.எஸ்.பி. குச்சியில் வைத்துக்கொள்வது நன்று.

டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கும், மென்பொருளின் உரிமத்தைத் தாங்கும் பூட்டுக் குச்சிக்கும் இதே விதி. பூட்டுக் குச்சி பழைய இணைத்துறைக்கு உரியதாக இருந்தால் புதிய கணினியில் அதைச் செருகவே இடமிராது, விற்றவரிடம் யு.எஸ்.பி. குச்சியாகவோ இணைய உரிமமாகவோ மாற்றித் தரக் கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்துரு நம் வாசகர்கள் பலருக்கு நெருக்கமான சிக்கல். பொம்மசந்திராவில் ஒரே அறிவிப்பைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டும் பட்டறைகள் உள்ளன. விண்டோஸ் 2000 முதலே ஒருங்குறித் தமிழ் கணினியில் உண்டு; தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஆயினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும், தொழிலாளர் பெயர்ப் பட்டியல்களும் இன்னும் புழங்குகின்றன. அக்கோப்புகளில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கிறது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். எழுத்துருக் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்வது உடனடித் தீர்வு. மாற்றியின் உதவியால் அனைத்தையும் ஒருங்குறிக்குக் கொண்டுவருவதே நிலையான தீர்வு. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலேயே இருப்பதால், தட்டச்சுக்கெனத் தனி மென்பொருளை நாடவும் வேண்டியதில்லை.

சோதனையை நடத்தும் முறை

ஒரு பழைய கணக்கு நோட்டே போதும். அதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பக்கம். ஒரு மாதம் முழுவதும் அந்தக் கணினியில் எந்த மென்பொருளைத் திறந்தாலும், எந்தக் கருவியைச் செருகினாலும், பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிவர வேண்டும். ஒரு மாதம் ஏன்? வருங்கால வைப்புநிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் 15-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி-க்கு 20-ஆம் தேதி என்று மாதத்தில் ஒருமுறை மட்டுமே தலைகாட்டும் வேலைகள் பல. ஒரே நாளில் நினைவிலிருந்து எழுதினால் அவை விடுபடும். ஆண்டுக்கு ஒருமுறை வருவனவற்றைக் கணக்கரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பட்டியல் ஆனபின், ஒவ்வொரு மென்பொருளையும் விற்றவரிடம் கேட்க வேண்டியவை இவை: நம்மிடம் உள்ள இதே பதிப்பு விண்டோஸ் 11-இல் ஓடுமா, ஓடாதெனில் எந்தப் பதிப்பு ஓடும், அதற்கு மாறினால் பழைய தரவு அப்படியே திறக்குமா, உரிமத்தைப் புதிதாக வாங்க வேண்டுமா. மறுமொழியை மின்னஞ்சலில் பெறுவது நல்லது. ‘எல்லாம் ஓடும் சார், ஒன்றும் ஆகாது’ என்று தொலைபேசியில் வரும் உறுதிமொழி, ஒன்று ஆனபிறகு உதவிக்கு வராது.

மூன்று கணினிகளையும் ஒரேநாளில் மாற்றுவது கூடாது. முக்கியத்துவம் குறைந்த ஒன்றை முதலில் மாற்றுக. இன்னும் நல்லது, அலுவலகக் கணினியின் வட்டைக் கழற்றி உறையிலிட்டு வைத்துவிட்டு, அதன் முழுப் படியை ஒரு புதிய எஸ்.எஸ்.டி. வட்டில் எடுத்து, அப்படியில் மாற்றத்தை நடத்துவது. எது தவறினாலும் பழைய வட்டைத் திரும்பப் பொருத்தினால் அரைமணியில் பழைய நிலை. விண்டோஸிலேயே பின்வாங்கும் வசதி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது இயல்பாகப் பத்து நாள் மட்டுமே. இடம் போதவில்லையென்று பழைய தளத்தின் கோப்புறையைத் துடைத்துவிட்டால் அதுவும் இல்லை. மாதம் ஒருமுறை செய்யும் வேலையில் பிழை இருப்பது பதினைந்தாம் நாள் தெரியவந்தால் இவ்வசதியால் பயனில்லை.

நாளைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். மேலே கண்ட தேதிகளை வைத்துப் பார்த்தால் 21-க்கும் 25-க்கும் இடைப்பட்ட நாள்களே ஓய்வானவை. அதன்பின் மாத இறுதிச் சரக்கனுப்பும் நெருக்கடி தொடங்கிவிடும். பட்டறை மூடியிருக்கும் ஆயுதபூசை விடுமுறையில் செய்துவிடலாமே என்று தோன்றும். அன்று மென்பொருள் விற்றவரின் உதவி எண்ணையும் யாரும் எடுக்கமாட்டார்கள்.

சில கணினிகளுக்கு, அறிந்த பொருத்தக் குறை இருப்பதால், மைக்ரோசாஃப்டே மேம்படுத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுண்டு. தகுதியிருந்தும் அழைப்பு வரவில்லையெனில் காரணம் அதுவாகவும் இருக்கலாம். யு.எஸ்.பி. குச்சியிலிருந்து வலிந்து நிறுவித் தடையைத் தாண்டுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

மாற இயலாத கணினிகள் இருக்கத்தான் செய்யும். வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். நிறுவனங்களுக்கெனத் தனித் திட்டம் உண்டு. அது மூன்றாண்டு வரை செல்லும், ஆனால் கட்டணம் ஆண்டுதோறும் இருமடங்காகும். இது அவகாசம் வாங்குவதே அன்றித் தீர்வன்று. பொறியோடு மட்டும் பேசும் கணினியை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, பழைய தளத்திலேயே விட்டுவைக்கலாம். அதில் செருகும் குச்சியை மட்டும் வேறு கணினியில் சோதித்தபின் செருகுக. வங்கி வேலைக்கு மட்டும் புதிய கணினி ஒன்றை ஒதுக்குவது, மூன்றையும் அரைகுறையாக மாற்றுவதைவிட மேலானது என்பதே நம் எண்ணம்.

வீட்டில் ஒரே கணினி வைத்திருப்போருக்கு வேலை இத்தனை இல்லை. அச்சுப்பொறியும் வருடியும் புதிய தளத்துக்கு இயக்கி உடையனவா என்று பார்த்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுத்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

இக்காலத்தில் வரும் அழைப்புகள்

‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் மேம்படுத்தித் தருகிறோம்’ என்று யாரேனும் தொலைபேசியில் அழைத்தால் அது மோசடி. இயங்குதள நிறுவனமோ வங்கியோ இப்படி அழைப்பதில்லை. திரை முழுவதையும் மறைத்து, ஓசையெழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் எச்சரிக்கைச் சன்னல்களும் அத்தகையனவே. அவர்கள் சொல்லும் தொலைதிரைச் செயலியை நிறுவினால் நம் கணினி அவர்கள் கைக்குப் போகிறது. பணம் போய்விட்டதெனில் ஒரு நொடியும் தாழ்த்தாமல் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த முறைப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர்மீது இழப்புப் பொறுப்பு இல்லை. கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ தாமே கொடுத்துவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு அவர்களுடையதே.

மாற்றம் முடிந்து எல்லாம் ஓடத் தொடங்கியபின் ஒரு வேலை மிஞ்சியிருக்கும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு எட்டு நிதியாண்டு. கோப்புகளைப் படியெடுத்து வைத்திருந்தாலும், அவற்றைத் திறக்கும் மென்பொருள் போய்விட்டால் அதிகாரி கேட்கும் நாளில் காட்ட எதுவும் இராது. எனவே பழைய கணினி இயங்கும்போதே ஒவ்வோர் ஆண்டின் பேரேட்டையும் விலைப்பட்டியல் பதிவேட்டையும் பி.டி.எஃப். ஆகவும் எக்செல் ஆகவும் எடுத்து, இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றைப் பட்டறையிலும் மற்றொன்றை வீட்டிலும் பாதுகாக்க வேண்டும். உறையிலிட்ட அந்தப் பழைய வட்டின்மேல் தேதியை எழுதி, அடுத்த மார்ச் 31 கணக்கு முடியும்வரை யாரும் தொடாத இடத்தில் வைத்திருப்பது நல்லது.